வளைஞ்ச முள்: தஞ்சாவூர்ல ஒரு எச்.எம்.டி. ஜனதா

இந்த எபிசோடு ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது. தப்பு என்னோடது.

எங்க தாத்தா பொதுப்பணித் துறையில லஸ்கரா இருந்தவர். டெல்டா பக்கம் பழக்கம் இல்லாதவங்களுக்கு: லஸ்கர்னா வாய்க்கால் மதகுல ஷட்டரை ஏத்தி இறக்குறவர். காலையில ஆறு மணிக்கு அளவுக்கல்லுல தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பார்த்து நோட்டுல எழுதணும். மேட்டூர்ல தண்ணி குறைவா இருக்கிற வருஷம் முறை வெச்சு விடுவாங்க. இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள். ஷட்டர் அரை மணி முன்னாடி இறங்கினாக்கூட கடைமடைக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்கன்னு தாத்தா சொல்வார். அதனால அவருக்கு நேரம்ங்கிறது பஸ் பிடிக்கிற விஷயம் மட்டும் இல்ல.

அவர் கையில கடைசி வரைக்கும் இருந்தது ஒரு எச்.எம்.டி. ஜனதா. கல்யாணத்துல பாட்டி வீட்டுல போட்டது. அந்தக் காலத்துல மாப்பிள்ளைக்கு மோதிரம், வாட்ச், முடிஞ்சா ஒரு சைக்கிள். அந்த வாட்ச் இப்ப என்கிட்ட இருக்கு. கண்ணாடி பூரா கீறல். நானே மாத்திடலாம்னு நினைச்சேன். ஆன்லைன்ல கண்ணாடி வாங்கி, ரெண்டு வீடியோ பார்த்துட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தேன். கண்ணாடியைக் கழட்டும்போது பெரிய முள் மாட்டிக்கிட்டு வளைஞ்சது. அதை அம்மாவோட புருவம் எடுக்கிற பிளக்கரால நிமிர்த்தப் போனேன். அது இன்னொரு பக்கம் வளைஞ்சது.

வாட்ச் ஓடுச்சு. ஆனா ஒரு மணி அஞ்சு நிமிஷத்துக்கு நின்னுச்சு. லேசா தட்டினா திரும்ப ஓடும். அடுத்து ரெண்டு மணி பதினோரு நிமிஷத்துக்கு நிக்கும். அப்புறம் மூணு பதினாறு. இந்த எண்கள் ஏன் இப்படின்னு அப்ப எனக்குப் புரியலை. அதுக்கு அப்புறம் வர்றேன்.

தஞ்சாவூர் போனப்ப எடுத்துட்டுப் போனேன். ரெண்டு கடையில ஒரே பதில்: "முள்ளு மாத்திடலாம் சார்." மூணாவது கடை, கடைன்னு கூடச் சொல்ல முடியாது, ஒரு மாடிப்படிக்குக் கீழ கண்ணாடிப் பெட்டி போட்டு உட்கார்ந்திருந்த பாய். எழுபது வயசு இருக்கும். ஐகிளாஸைக் கண்ணுல மாட்டிப் பார்த்துட்டுச் சொன்னார்: "மாத்த வேணாம் தம்பி. இதையே நிமித்திடலாம்."

மாத்துறதா, நிமிர்த்துறதா? இது ஏதோ ரெண்டு கடைக்காரங்களோட பழக்கத்துல இருக்கிற வித்தியாசம்னுதான் நினைச்சேன். தேடிப் பார்த்தா, இந்தியாவுல கைக்கடிகாரம் வந்த கதை முழுக்க இந்த ஒரு கேள்விக்குள்ள இருக்கு.

சுதந்திரம் வந்த புதுசுல நம்ம ஊர்ல வாட்ச்னா வெளிநாட்டு வாட்ச்தான். வெஸ்ட் எண்ட், பேவர் லூபா, ரோமர். எல்லாம் சுவிஸ். டெல்டாவுக்கு இன்னொரு வழியும் இருந்துச்சு, கடல் வழி. நாகப்பட்டினத்துல இருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜூலா' மாதிரியான கப்பல்கள் போய்ட்டு வந்துச்சு. அக்கரைச் சீமையில கடை வெச்சிருந்தவங்க ஊருக்கு வரும்போது துணி, சென்ட்டு, வாட்ச் கொண்டு வருவாங்க. ஆனா 1950-கள் கடைசியில அந்நியச் செலாவணி நெருக்கடி வந்ததும் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு. வாட்ச் வரத்தே சிக்கல்னா, அதோட உதிரி பாகத்துக்கு எங்க போறது? ஒரு சுவிஸ் வாட்ச்ல முள் வளைஞ்சா, ரிப்பேர்காரர் அதே முள்ளைத்தான் நிமிர்த்தியாகணும். வேற வழி இல்ல.

இந்த நிலைமையில வந்ததுதான் எச்.எம்.டி. ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ். 1953-ல பெங்களூர்ல அரசு ஆரம்பிச்ச கம்பெனி. பேர்லயே இருக்கிற மாதிரி, அவங்க முதல்ல செஞ்சது லேத்தும் அரவை மெஷினும். மெஷின் செய்ற மெஷின். 1961-ல ஜப்பானோட சிட்டிசன் கம்பெனியோட கைகோர்த்து வாட்ச் பக்கம் வந்தாங்க. லேத் செய்றவன் எதுக்கு வாட்ச் செய்யணும்னு இப்ப தோணும். நேரு காலத்து யோசனை வேற: நுணுக்கமான இயந்திர வேலை ஒரு நாட்டுக்குக் கைவரணும்னா, அதுக்கு வாட்சை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

அவங்க வெச்ச பேரைப் பாருங்க. ஜனதா, அதாவது மக்கள். அப்புறம் ஜவான், பைலட், கோஹினூர். எல்லாமே சாவி கொடுக்கிற வாட்ச். கடைக்குப் போனா உடனே கிடைக்கும்னு சொல்ல முடியாது, கேக்கிறவங்க அதிகம், வர்றது குறைவு. பின்னாடி ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக்னு இன்னும் தொழிற்சாலைகள் திறந்தாங்க.

இதுல நம்ம முள்ளுக்கு முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. ஜனதாவும் பைலட்டும் வெளியில பார்க்க வேற வேற. ஒண்ணு வெள்ளை டயல், ஒண்ணு கறுப்பு டயல். உள்ள ஓடுற மெஷின் ஒண்ணுதான். 0231-னு பேரு, சிட்டிசன் வடிவமைப்பு, 17 கல்லு. அப்படின்னா முள் உட்கார்ற தண்டோட கனமும் ஒண்ணு. ஒரு மாடல் முள் இன்னொரு மாடல்ல உட்காரும். ஒரு ரிப்பேர்காரர் மூக்குப்பொடி டப்பா சைஸுல ஒரு டப்பாவுல முள் வெச்சிருந்தா, வர்ற வாட்ச்ல பெரும்பாலானதைப் பார்த்துடலாம். கும்பகோணத்துலயோ மன்னார்குடியிலயோ உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலைன்னு யோசிங்க. முதல் தடவையா, வளைஞ்ச முள்ளைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடலாம். "முள்ளு மாத்திடலாம் சார்"ங்கிற வாக்கியம் அந்தக் காலத்துல பிறந்தது. அது சோம்பேறித்தனம் இல்ல. அன்னிக்கு அதுதான் நேர்மையான பதில்.

எச்.எம்.டி. டயல்ல சின்ன எழுத்துல 'பாரா ஷாக்'னு போட்டிருக்கும். பல பேர் கவனிச்சிருப்பீங்க. 1956-ல சிட்டிசன் கொண்டு வந்த அதிர்ச்சி தாங்குற அமைப்பு அது. ஹெலிகாப்டர்ல இருந்து வாட்சைக் கீழ போட்டுக் காட்டியே அதை விளம்பரம் பண்ணாங்க. ஆனா அது காப்பாத்துறது பாலன்ஸ் சக்கரத்தோட அச்சு முனையை மட்டும்தான். முள்ளுக்குப் பாரா ஷாக் கிடையாது. முள்ளுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு மேல இருக்கிற கண்ணாடி. என்னை மாதிரி ஆளு அதைக் கழட்டிட்டா ஒண்ணுமே இல்ல.

இங்க சின்னதா ஒரு விலகல். அதே எச்.எம்.டி. பார்வை இல்லாதவங்களுக்காக பிரெய்ல் வாட்சும் செஞ்சாங்க. அதுல கண்ணாடி மூடி மாதிரி திறக்கும். விரலால முள்ளைத் தடவி நேரம் பார்க்கணும். எல்லா வாட்சும் முள்ளைத் தொடாம காப்பாத்துற பொருள்னா, இது ஒண்ணு முள்ளைத் தொடுறதுக்காகவே செஞ்சது. தினம் பத்துத் தடவை விரல் பட்டாலும் நகராத, வளையாத முள் அதுக்கு வேணும். எனக்கு இதுதான் எச்.எம்.டி. செஞ்சதிலயே பெரிய வேலைன்னு தோணும். யாரும் இதைப் பத்திப் பேசுறதில்ல, பைலட்டைப் பத்தித்தான் பேசுவாங்க.

சரி, பாய் கடைக்கு வருவோம்.

அவர் முதல்ல ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை மணிக்கு நிக்குது?" நான் ஒண்ணு அஞ்சு, ரெண்டு பதினொண்ணு, மூணு பதினாறுன்னு சொன்னேன். சிரிச்சுட்டார். "அப்ப மெஷின்ல ஒண்ணும் இல்ல. முள்ளு முள்ளுல இடிக்குது."

பெரிய முள் சின்ன முள்ளைத் தாண்டுறது பன்னெண்டு மணி நேரத்துல பதினோரு தடவை. அதாவது ஏறத்தாழ அறுபத்தஞ்சரை நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஒண்ணு அஞ்சு, ரெண்டு பதினொண்ணு, மூணு பதினாறு, நாலு இருபத்திரெண்டுன்னு போகும். பெரிய முள் நடுவுல கீழ்ப்பக்கமா வளைஞ்சிருந்தா, தாண்டுற ஒவ்வொரு தடவையும் சின்ன முள்ளு மேல உரசும். மெஷின் அழுக்கா இருந்தா எந்த நேரத்துல வேணா நிக்கும். இந்தக் கணக்குப்படி நின்னா முள்தான். ஸ்கூல்ல பரீட்சைக்குப் போட்ட கடிகாரக் கணக்கு நிஜத்துல பயன்படுறதை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

பின்மூடியைத் திறந்தார். ஒரு சின்ன ஸ்குரூவை லேசா தளர்த்தி, சாவியைத் தண்டோட உருவினார். மெஷின் டயலோட வெளிய வந்துடுச்சு. நான் முன்பக்கமா கண்ணாடியைப் பிடுங்கினதே தேவையில்லாத வேலை. ஒரு பாலித்தீன் துண்டுல நடுவுல கீறி, அதை முள்ளுக்கும் டயலுக்கும் நடுவுல செருகினார். டயல்ல கீறல் விழக்கூடாதுல்ல. அப்புறம் ரெண்டு பக்கமும் சின்ன நெம்புகோல் வெச்சு ஒரே நேரத்துல அமுக்கினார். முள் மேல எழும்பிச்சு. ஒட்டியோ ஸ்குரூ போட்டோ இல்ல, வெறும் இறுக்கத்துல உட்கார்ந்திருக்கிறதுதான் முள். மணி முள் அடியில, அதுக்கு மேல நிமிஷ முள், உச்சியில குண்டூசியை விட மெல்லிசான ஒரு தண்டுல விநாடி முள். மூணுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி மயிரிழை.

இந்த மாதிரி விலை குறைஞ்ச வாட்ச்ல முள் பித்தளைத் தகடுல அச்சடிச்சது. மேல முலாம். விலை உயர்ந்த பழைய வாட்ச்ல இரும்பு முள்ளைச் சுட்டு நீலமாக்குவாங்க, அது வேற கதை. பித்தளைன்னதும் தஞ்சாவூர்க்காரங்களுக்குப் புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. பக்கத்துலயே கும்பகோணம், அங்க பாத்திரம் தட்டுறவங்க. பித்தளையைத் தட்டத் தட்ட இறுகும். இறுகினதை மேலும் வளைச்சா வெடிக்கும். பாத்திரக்காரர் நடுவுல பழுக்கக் காய்ச்சி இளக்கிக்குவார். முள்ளை அப்படிக் காய்ச்ச முடியாது, முலாம் போயிடும். அதனால முள்ளு வேலையில தடவை ரொம்ப முக்கியம். ரெண்டு, மூணு தடவைக்குள்ள நேராகணும். "நீங்க எத்தனை தடவை வளைச்சீங்க?"ன்னு கேட்டார். நாலஞ்சு தடவைன்னேன். ஐகிளாஸைக் கழட்டாமலே என்னைப் பார்த்தார்.

மேலும் கீழுமா வளைஞ்சதைச் சரி பண்றது சுலபம். ஒரு கனமான கண்ணாடித் துண்டு மேல முள்ளைக் கவுத்து வெச்சு, கூர் சீவின மூங்கில் குச்சியால வளைவு மேல மெல்ல உருட்டினார். இரும்பு பட்டா தடம் விழும், மூங்கில் பட்டா விழாது. பக்கவாட்டு வளைவுதான் கஷ்டம், ஏன்னா தகடு அந்தப் பக்கம் அகலம். வரி இல்லாத ட்வீசரால ரெண்டு இடத்துல பிடிச்சு, ஒரே அசைவு. அப்புறம் முள்ளைக் கண்ணுக்கு நேரா, துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி பிடிச்சுப் பார்த்தார். இன்னொரு அசைவு. அவ்வளவுதான், அதுக்கு மேல தொடலை.

அடுத்தது நான் நினைச்சே பார்க்காத ஒண்ணு. நான் நெம்பினதுல முள்ளோட ஓட்டை கொஞ்சம் விரிஞ்சிருந்துச்சு. அப்படியே போட்டா மெஷின் சரியா ஓடும், முள் மட்டும் வழுக்கி வழுக்கிப் பின்தங்கும். "மணி லேட்டாவுதுன்னு மெஷினைப் பிரிச்சு எண்ணெய் போடுவாங்க, தப்பு இங்க இருக்கும்"னார். முள்ளுக்கு அடியில இருக்கிற குழலை லேசா நெரிச்சு ஓட்டையைச் சுருக்கினார்.

திரும்பப் போடுறது பன்னெண்டு மணியில. மணி முள் நேரா பன்னெண்டு, அது மேல நிமிஷ முள் நேரா பன்னெண்டு. தேதி காட்டுற வாட்சா இருந்தா தேதி மாறுற நொடியைப் பிடிச்சுப் போடணும். ஜனதாவுல அந்தத் தொல்லை இல்ல. அப்புறம் சாவியைத் திருப்பி மூணு, ஆறு, ஒன்பதுன்னு கொண்டுபோய், ஒவ்வொரு மணியிலும் சின்ன முள் சரியா கோட்டுல நிக்குதான்னு பார்த்தார். பக்கவாட்டுல தாளை வெச்சு, மூணு முள்ளும் ஒண்ணோட ஒண்ணு படாம இருக்கான்னு பார்த்தார். முழுசா பன்னெண்டு மணி நேரத்தைச் சுத்தினார். பதினோரு தாண்டல். ஒண்ணுலயும் இடிக்கலை.

நடுவுல நான் கேட்டேன்: "ஏன் பாய், மத்த ரெண்டு கடையிலயும் மாத்திடலாம்னுதானே சொன்னாங்க?"

ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ள முள் இருந்துச்சு, ஆனா பாக்கெட்டுல வந்த புது முள் இல்ல. எல்லாம் வேற வாட்ச்ல இருந்து கழட்டினது. "இது ஒவ்வொண்ணும் ஒரு செத்த வாட்ச் தம்பி. உங்களுக்கு ஒரு முள்ளு மாத்தணும்னா, இன்னொரு ஜனதா செத்திருக்கணும். இதையே நிமித்த முடியும்னா அதை எதுக்கு எடுக்கணும்?"

இதோட பின்னணியைச் சொல்லணும். 1984-ல டாடாவும் தமிழ்நாட்டு அரசோட டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பிச்சாங்க. தொழிற்சாலை ஓசூர்ல, எச்.எம்.டி. இருந்த பெங்களூருக்குப் பக்கத்துலயே. குவார்ட்ஸ், பேட்டரி. சாவி கொடுக்க வேண்டாம், காலையில 7.15 ரேடியோ செய்திக்கு முள்ளைத் திருப்பி வைக்க வேண்டாம். எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செஞ்சாங்க, ஆனா ஜனங்க மனசு மாறிடுச்சு. பிற்பாடு விலை குறைஞ்ச குவார்ட்ஸ் மெஷின் குவிஞ்சப்ப, ரிப்பேர்னாலே மெஷினையே மாத்துறதுன்னு ஆச்சு. பேட்டரி போடுறது, ஸ்ட்ராப் போடுறது, அவ்வளவுதான் வேலை. 2016 ஜனவரியில எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை முடிவு பண்ணுச்சு. தொழிற்சாலையில இருந்து முள் வர்ற வழி அடைஞ்சு போச்சு.

அப்ப என்ன ஆச்சு? 1950-கள்ல இருந்த நிலைமைக்கே திரும்பி வந்துட்டோம். அன்னிக்கு இறக்குமதி இல்லாததால நிமிர்த்தினாங்க. நடுவுல ஒரு தலைமுறை தாராளமா மாத்திச்சு. இப்ப செய்றவனே இல்லாததால மறுபடியும் நிமிர்த்தணும். சிக்கல் என்னன்னா, நடுவுல வந்த தலைமுறை ரிப்பேர்காரங்கள்ல பல பேருக்கு நிமிர்த்துற வேலை தேவைப்படவே இல்ல. அதைக் கையில வெச்சிருக்கிறது பாய் மாதிரி வயசானவங்கதான். அவர்கிட்ட தொழில் கத்துக்கிற பையன்னு யாரும் இல்ல. பக்கத்து ஸ்டூல் காலியா இருந்துச்சு, அதுலதான் நான் உட்கார்ந்திருந்தேன்.

மூடினதுக்கு அப்புறம்தான் நம்ம வயசுக்காரங்களுக்கு எச்.எம்.டி. மேல ஆசையே வந்துச்சு, இல்லையா? ஆன்லைன்ல 'புத்தம் புது' பழைய ஜனதா நிறைய வருது. அதுல பெரும்பாலானது பல வாட்ச் உறுப்பைச் சேர்த்து, டயலுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சது. சேகரிக்கிறவங்க அதை ஃபிராங்கன்னு கிண்டல் பண்ணுவாங்க. கண்டுபிடிக்க டயலைப் பார்க்காதீங்க, முள்ளைப் பாருங்க. நிமிஷ முள்ளோட நுனி ஓரத்துல இருக்கிற நிமிஷக் கோட்டைத் தொடணும். பாதியிலயே நின்னா, இல்ல தாண்டிப் போனா, அந்த முள் வேற வாட்சோடது. மணி முள் மங்கலா, நிமிஷ முள் பளபளன்னு இருந்தாலும் அதே சந்தேகம்.

இன்னும் ஒண்ணு, இது விளையாட்டு இல்ல. பழைய சுவிஸ் வாட்ச் முள்ளுல பச்சையா ஒளிர்ற பூச்சு இருந்தா வீட்டுல சுரண்டாதீங்க. நம்ம ஊர்ல ஒளிர்ற எதுக்கும் ரேடியம்னு பேரு, பைக் ஸ்டிக்கர் வரைக்கும். அந்தப் பழைய வாட்ச் பலதுல நிஜமாவே ரேடியம் இருக்கு. நூறு வருஷம் முன்னாடி அமெரிக்காவுல டயலுக்கும் முள்ளுக்கும் அதைப் பூசின பெண்கள், பிரஷ் நுனியை உதட்டுல வெச்சுக் கூராக்கினதால தாடை எலும்பு அழுகிச் செத்துப் போனாங்க. ஒளி மங்கியிருக்கும், ஆனா ரேடியத்தோட அரை ஆயுள் 1,600 வருஷம். மங்கினது பூச்சு மட்டும்தான்.

வேலை முடிய முக்கால் மணி நேரம் ஆச்சு. என்கிட்ட இருந்த புதுக் கண்ணாடியை வாங்கிப் பார்த்துட்டு, உயரம் பத்தாது, விநாடி முள்ளுல இடிக்கும்னு ஓரமா வெச்சுட்டார். பழைய கண்ணாடியையே மெருகு போட்டுப் பொருத்தினார். சாவி கொடுத்துக் காதுல வெச்சுக் கேட்டார், அப்புறம் என் காதுல வெச்சார். விநாடிக்கு அஞ்சு டிக்.

எவ்வளவு பாய்னு கேட்டேன். எண்பது ரூபாய்னார். முள் மாத்த முதல் கடையில கேட்டது இருநூறு. நான் இருநூறு கொடுத்தேன், அவர் சில்லறையை எண்ணி நூத்தியிருபதைத் திருப்பிக் கொடுத்தார். அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னார்: "மறுபடி வளைஞ்சா கொண்டு வராதீங்க. இந்த முள்ளு இன்னொரு தடவை தாங்காது. அப்ப மாத்தித்தான் ஆகணும்."

வெளியில வந்து வெயில்ல சாய்ச்சுப் பார்த்தா, பெரிய முள்ளோட நடுவுல ஒரு மெல்லிய மடிப்பு தெரியுது. நேரா பிடிச்சா தெரியலை.